தட்டுக்கு வரும் கறிக்கும் ஒரு கணக்கு வையுங்கள்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் நாலைந்து கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான். பால் ஊற்றுகிறவனுக்கு உங்கள் துறையில் திட்டம் உண்டு, மானியம் உண்டு, தடுப்பூசி உண்டு. கறி வாங்குகிறவன் உங்கள் ஏடுகளில் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்த மடல். மாட்டுக்கறி என்று நான் பொதுவாகச் சொல்கிற இடங்களில் எருமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2023-24இல் நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தி 102.5 லட்சம் டன் என்று உங்கள் ஆண்டுப் புள்ளிவிவரம் சொல்கிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கோழி. எருமை 18.09 விழுக்காடு, மாடு 2.6 விழுக்காடு. டன்னில் சொன்னால் எருமைக்கறி சுமார் 18.5 லட்சம், பசு, காளை இனத்துக் கறி சுமார் 2.7 லட்சம். இரண்டும் சேர்ந்து 21 லட்சம் டன் சொச்சம்.

இனி ஏற்றுமதி. அதே ஆண்டில் இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய எருமைக்கறி 12 லட்சத்து 95 ஆயிரம் டன், மதிப்பு 31,010 கோடி ரூபாய். இது ஒன்றிய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபெடாவின் கணக்கு. கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால் 240 ரூபாய்க்குள் வருகிறது. (எங்கள் ஊர்க் கடையில் எலும்போடு சேர்த்தே கிலோ 300 ரூபாயைத் தாண்டி வெகுநாளாயிற்று. அது சில்லறை விலை, இது மொத்த விலை என்பீர்கள். சரி, இருக்கட்டும்.) ஆனால் ஏற்றுமதியாவது எலும்பு நீக்கிய கறி மட்டுமே. எலும்போடு அனுப்ப அனுமதியில்லை. ஒரு டன் தனிக்கறி எடுக்க அறுத்து உரித்த, எலும்போடு கூடிய உடல் எடை ஏறக்குறைய 1.4 டன் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படிப் பெருக்கினால் ஏற்றுமதிக்கு மட்டும் 18 லட்சம் டன் போய்விட்டது. நாட்டில் அறுத்த எருமையெல்லாம் கப்பலேறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

மிச்சம் என்ன? எருமையில் அரை லட்சம் டன்கூடத் தேறாது. அதோடு அந்த 2.7 லட்சம் டன்னைச் சேர்த்தால் மூன்று லட்சம் சொச்சம். கேரளம், மேற்கு வங்கம், அசாம், மேகாலயா, நாகாலாந்து, மிசோரம், ஐதராபாத்தின் பழைய நகரம், கோவா, ஆம்பூர், வாணியம்பாடி, வடசென்னை, அப்புறம் எங்கள் தெரு, எல்லாம் சேர்ந்து ஒரு வருடம் முழுக்கத் தின்றது இவ்வளவுதானாம். 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 220 கிராம். ஆண்டுக்கு!

நம்புகிற மாதிரியா இருக்கிறது? அமெரிக்க வேளாண்மைத் துறை அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தியாவின் மாட்டிறைச்சி உற்பத்தியை 45 லட்சம் டன்னைச் சுற்றி மதிப்பிடுகிறது. அதில் பாதிக்கு மேல் உள்நாட்டிலேயே தின்னப்படுவதாகவும் சொல்கிறது. அவர்கள் சொல்வதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஒரே நாட்டின் ஒரே உணவுக்கு ஒரு கணக்கு 21 லட்சம், இன்னொரு கணக்கு அதைப்போல் இரண்டு மடங்கு என்றால், நடுவில் உள்ள கறி யாருடைய அறுப்புத் தொட்டியில் அறுபட்டு யாருடைய தட்டுக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றாதா?

தின்பவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றால் அங்கேயும் சிக்கல். 2011-12இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி மாட்டுக்கறி அல்லது எருமைக்கறி உண்போர் சுமார் 8 கோடி. அதில் ஒரு கோடிக்கு மேல் இந்துக்கள். உண்மையான எண்ணிக்கை இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், 18 கோடி வரை இருக்கலாம் என்று 2018இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் அரசாங்க ஆளிடம் 'ஆமாம், தின்கிறோம்' என்று சொல்லப் பல ஊர்களில் தைரியம் வேண்டும். எங்கள் ஊரிலேயே கறிக்கடையில் கறுப்புப் பையில்தான் கட்டித் தருகிறார்கள். கோழிக்கு வெள்ளைப் பை போதும்.

இது புள்ளிவிவரக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. கறி எந்த மாட்டிலிருந்து வருகிறது என்பதே கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் மாறிவிட்டது. அதைச் சொல்வதற்கு உங்களைவிட மாடு வளர்க்கிற எங்களுக்குத்தான் வசதி.

என் தாத்தா காலத்தில் கறிக்குப் போனது உழுது ஓய்ந்த எருது, வண்டியிழுத்து ஓய்ந்த காளை. இப்போது உழுவது டிராக்டர். உங்கள் 2019 கணக்கெடுப்பே சொல்கிறது: 2012இல் நாட்டில் 6.79 கோடியாக இருந்த காளையினம் ஏழே வருடத்தில் 4.74 கோடியாக விழுந்துவிட்டது. பத்தில் மூன்று பங்கு காணாமல் போயிருக்கிறது. பெண்மாடுகளோ 18 விழுக்காடு கூடி 14.5 கோடி ஆகிவிட்டன. கலப்பினம் மட்டும் 27 விழுக்காடு கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது கிடேரிக் கன்றாகவே பிறக்க வைக்கிற சினை ஊசியையும் நீங்களே கொடுக்கிறீர்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி என்கிறார்கள். நாங்களும் சந்தோஷமாகப் போட்டுக்கொள்கிறோம். காளைக்கன்று பிறந்தால் அதற்குக் குடிக்க விடுகிற பால் நஷ்டம் என்றாகிவிட்டது.

எருமையும் தமிழ்நாட்டில் அருகிவிட்டது. 2012இல் 7.8 லட்சம் இருந்தது, 2019இல் 5.19 லட்சம்தான். எருமைக் கிடாக்கன்றின் கதை இன்னும் மோசம். பால் விடாமல் வாட விட்டு ஒரு மாதத்துக்குள் சாக விடுகிற வழக்கம் நாடு முழுக்க உண்டு. இதைத் தடுத்து, அந்தக் கன்றுகளைக் கறிக்காக வளர்த்தெடுக்க 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் உங்கள் துறையே ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாட்டின் கறித்தேவையைக் கறித்தேவை என்று பார்த்து யோசித்த திட்டம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இன்றைக்கு அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஆக, ஓய்ந்த எருதும் இல்லை, எருமைக்கிடாவும் இல்லை. அப்படியானால் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கொக்கியில் தொங்குவது எது? பெரும்பாலும் கறவை வற்றிய கலப்பினப் பசுதான். நான்கு ஈற்று, ஐந்து ஈற்று முடிந்தது, சினை பிடிக்காதது, மடிநோய் வந்து இரண்டு காம்பு செத்தது. அதாவது எங்கள் கொட்டகையிலிருந்து போனது.

இங்கேதான் சட்டமும் நடப்பும் எதிரெதிரே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் லாயக்கற்றது என்று சான்று வாங்கினால் அறுக்கலாம். 1976 அரசாணை வந்தபின் பசுவையும் கிடேரியையும் தொட்டிகளில் அறுக்கக் கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் நிலைமை இப்படித்தான், இல்லையென்றால் இதைவிடக் கடுமை. மகாராஷ்டிரம் 2015இல் காளையையும் எருதையும் சேர்த்துத் தடை செய்தது. கர்நாடகத்தில் 2021 முதல் 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சட்டம் வந்ததும் பக்கத்து கோவாவில் கறிக்குப் பஞ்சம் வந்தது, அங்கிருந்த பாஜக அரசே மாற்று வழி தேடி அலைந்தது. மக்கள் தின்பது எது என்று தெரிந்த அரசு அது. வேறு என்ன செய்யும்?

கூட்டிக் கழித்துப் பாருங்கள். சட்டம் அறுக்க விடுகிற மாடு குறைந்துகொண்டே போகிறது, சட்டம் அறுக்க விடாத மாடு கூடிக்கொண்டே போகிறது. தின்கிறவர்கள் குறையவில்லை. கறி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நகர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அங்கீகாரம் பெற்ற தொட்டியில் நின்று நீங்கள் எண்ணுகிற கணக்கில் அந்த இருட்டு எப்படி விழும்?

சந்தையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. போன முறை நான் ஓட்டிப்போனது ஒரு ஜெர்சிக் கலப்பு. மடிநோய் வந்து, ஊசி மேல் ஊசி போட்டும் தேறவில்லை. மருத்துவர் கடைசியாக ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டுப் போனது ஞாயிற்றுக்கிழமை. 'இத்தனை நாளைக்குப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதே' என்று கண்டிப்பாகச் சொன்னார். கறிக்கு எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சந்தையில் மாடு நிற்கிறது. வியாபாரி வாயைப் பிளந்து பல் பார்த்தார், விலாவை அழுத்திப் பார்த்தார், துண்டுக்குள் தரகரின் கையைப் பிடித்து விரலை அழுத்தினார், விலை முடிந்தது. தீவனக் கடைக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சத்தை அடுத்த சினைமாட்டுக்கு முன்பணமாகப் போட்டேன். மாடு மலையாளத்துப் பக்கம் போகிற வண்டியில் ஏறியது.

ஏறுமுன் ஒருவர் வந்து காதிலிருந்த மஞ்சள் வில்லையை வெட்டிப் போட்டார். நீங்கள் கொடுத்த 12 இலக்க எண் உள்ள வில்லைதான் அது. அந்த மாடு பிறந்த நாள், போட்ட கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி எல்லாம் அந்த எண்ணில் ஏறியிருக்கிறது. கடைசியாகப் போட்ட மருந்தையும் அதில் ஏற்றியிருக்கலாம், சந்தையில் ஒரு செல்போனில் பார்த்து 'இந்த மாடு இத்தனை நாள் பொறுக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கான ஏற்பாடு பாதிக்கு மேல் தயாராகவே இருக்கிறது. உங்கள் கணினியில் என் ஜெர்சி இன்னும் கறவையில்தான் இருக்கிறது.

இனி கறி வெட்டுகிற இடம். எங்கள் ஊர்க் கடை ஒரு தகரக் கொட்டகை, முன்னால் பச்சை வலை கட்டியிருக்கும். விடிவதற்கு முன் வண்டியில் இறங்கும், ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். புளியங்கட்டை, இரண்டு கத்தி, ஒரு தராசு, ஒரு வாளித் தண்ணீர். ஐஸ் கிடையாது. ஈரல் நன்றாக இருக்கிறதா என்று கடைக்காரரே வெட்டித் திருப்பிக் காட்டுவார். எங்கள் ஊரில் கறிக்கு நடக்கிற ஒரே சோதனை அதுதான். ஈரலில் தட்டைப்புழு இருந்தால் அவர் தூக்கி எறிந்துவிடுவார், அந்த அளவுக்கு நேர்மையான மனிதர். காசநோய்க் கட்டி இருந்தால் அவருக்குத் தெரியுமா? அதைப் பார்க்கப் படித்த கால்நடை மருத்துவர் அந்தப் பக்கம் வந்ததை அவர் பார்த்ததில்லை.

இதே நாட்டில், ஏற்றுமதிக்கு அறுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அறுக்குமுன் ஒரு பரிசோதனை, அறுத்தபின் ஒரு பரிசோதனை. உடலைக் குளிரறையில் ஒரு நாள் தொங்கவிட்டு, அமிலத்தன்மை அளந்து, எலும்பும் நிணநீர்க் கட்டிகளும் நீக்கி, உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள். மலேசியாக்காரருக்கும் எகிப்துக்காரருக்கும் வியட்நாம்காரருக்கும் கோமாரிக் கிருமி போய்விடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, இந்த நாட்டுக்குக் கறியைச் சுத்தமாக அறுக்கத் தெரியும், அளக்கத் தெரியும், சான்று கொடுக்கத் தெரியும். பொள்ளாச்சியில் தின்பவனுக்கு அந்தத் தெரிந்ததில் ஒரு துளி வந்து சேரவில்லை.

'கால்நடை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநில அரசைக் கேளுங்கள்' என்று பதில் வரும். தெரியும். மாநில அரசையும் கேட்கத்தான் வேண்டும். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தபோது, மாட்டுக்கறி பிரியாணிக்குப் பேர்போன அந்த ஊரிலேயே அதற்கு இடமில்லாமல் போனது. எதிர்ப்பு வந்தது, பிறகு மழை என்று சொல்லி விழாவே தள்ளிப்போனது. மாநிலத்தின் கூச்சம் அந்த அளவில் இருக்கிறது.

ஆனாலும் 2017 மே 23 அன்று, கால்நடைச் சந்தையில் அறுப்புக்கென்று மாடு விற்கக் கூடாது என நாடு முழுவதற்கும் ஒரு விதி வந்ததே, அது டெல்லியிலிருந்துதான் வந்தது. அப்போது மாநிலப் பட்டியல் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. சந்தைக்கு ஓட்டிப்போன மாட்டைத் திருப்பி ஓட்டிவந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டியது. அதனால் பிழைத்தோம். அந்த விதியைப் போட்டது சுற்றுச்சூழல் அமைச்சகம் என்றாலும், அதற்கு ஆதாரமாக இருந்த விலங்கு வதைத் தடைச் சட்டம் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றியச் சட்டம். இறைச்சிக் கணக்கெடுக்கும் மாதிரி ஆய்வு உங்களுடையது. ஏற்றுமதி உரிமம் டெல்லியில்தான் கிடைக்கிறது. தடுக்க அதிகாரம் இருக்கிறபோது எண்ண அதிகாரம் இல்லையா?

சந்தை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் இருக்கிறது. 2012க்கும் 2019க்கும் இடையில் நாடு முழுக்கத் தெருமாடுகள் கொஞ்சம் குறைந்தன. அங்கேயோ 10 லட்சத்திலிருந்து 11.8 லட்சமாகக் கூடின. கொட்டகைகள் கட்டி, அதற்கென்று வரி போட்டு, மாட்டுக்குத் தினப்படி கொடுக்கிறது அந்த அரசு. 2023இல் 30 ரூபாயை 50 ரூபாயாக்கினார்கள். 50 ரூபாய்க்கு ஒரு மாடு ஒரு நாள் என்ன தின்னும் என்று எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று வந்தது. சத்து மாத்திரை கொடுக்கிறீர்கள், அரிசியில் இரும்புச் சத்து கலந்து கொடுக்கிறீர்கள். ஆட்டுக்கறி வாங்க முடியாத வீட்டில், அதில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிற மாட்டுக்கறியில் இருக்கிற இரும்புச் சத்தைப் பற்றி எந்தச் சுவரொட்டியிலும் ஒரு வரி இல்லை. தின்னச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஏற்கெனவே தின்கிறவர்களுக்கு அது நல்லபடியாகக் கிடைக்கட்டும் என்கிறேன்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. தடைச் சட்டங்களை நீக்கச் சொன்னால் இந்த மடலை நீங்கள் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள், அந்தச் சண்டை வேறு இடத்தில் நடக்கட்டும். அடுத்த ஆண்டுப் புள்ளிவிவரத்தில் ஒரே ஒரு அட்டவணை சேருங்கள்: உற்பத்தி இவ்வளவு, அதில் ஏற்றுமதி எலும்போடு கணக்கிட்டால் இவ்வளவு, உள்நாட்டில் மனிதர் உண்ண மிஞ்சியது இவ்வளவு, மாநிலவாரியாக. கணக்கு உதைத்தால் உதைக்கட்டும், எங்கே உதைக்கிறது என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கணக்கெடுப்பின் விவரங்களில் காளையினத்தை வயதுவாரியாகப் பிரித்துப் போடுங்கள். எந்த வயதில் அவை மறைகின்றன என்று அதில் தெரிந்துவிடும். காது வில்லை எண்ணில், போட்ட மருந்தையும் கறிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் ஏற்றுகிற ஒரு கட்டத்தைத் திறந்து, அதைச் சந்தையில் பார்க்கிற ஏற்பாட்டைப் பொள்ளாச்சியிலோ மணப்பாறையிலோ ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். முதல் ஆளாக நான் என் மாட்டின் விவரத்தைக் கொடுக்கிறேன். வில்லையை வெட்டுகிறவரிடம் சண்டை போடவும் தயார்.

அப்புறம், நகராட்சித் தொட்டிகளுக்கு வாரத்தில் சனி இரவும் ஞாயிறு விடியலும் மட்டுமாவது ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும். எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, 'வரச் சொல்லுங்க, டீ வாங்கித் தர்றேன்' என்றார்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வட்டத்துப் பால் உற்பத்தியாளர், கறிக்கடை வாடிக்கையாளர்